ஜப்பான் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக முதல் ஆண்டு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

ஜப்பானின் அரசுப் பள்ளிகளில் உதவி மொழியாசிரியராகச் சேருபவர்களை அங்கே எல்லோரும் ஏஎல்டி என்பார்கள். பாடம் நடத்தத் தெரியாமல் திண்டாடும் ஏஎல்டி குறைவு. வங்கிக் கணக்கு இல்லாமல், தொலைபேசி எண் இல்லாமல், எந்தச் செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் திண்டாடுபவர்களே அதிகம். இதில் பாதிக்கும் மேல் வரிசை மாறுவதால் வரும் சிக்கல்.

பள்ளி ஆண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வருபவர்கள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் இறங்குகிறார்கள். கீழே உள்ளது அவர்களுக்கான வரிசை. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் அரசின் ஜெட் திட்டத்தில் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வருபவர்களுக்கு வீடு, வங்கி வேலைகளில் பெரும்பாலும் உள்ளூர்க் கல்வி வாரியமே கைகொடுக்கும். அவர்கள் முதல் பகுதியையும் ஏழாம் பகுதியிலிருந்தும் படித்தால் போதும்.

1. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்

பள்ளியில் மொழி கற்பிக்கும் 'கல்வி' வகை விசாவுக்கு இரண்டு தகுதி: ஒரு பட்டம், கற்பிக்கப்போகும் மொழியின் வழியாகவே 12 ஆண்டு படித்திருக்க வேண்டும். தமிழர்கள் பலர் தடுக்கி விழுவது இரண்டாவதில். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு ஆங்கிலவழி என்றால் கணக்கு எட்டாது. ஒன்றாம் வகுப்பு முதல் ஆங்கிலவழி என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் அதற்குத் தாள் வேண்டும். மதிப்பெண் பட்டியலில் பயிற்றுமொழி இல்லையென்றால் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பயிற்றுமொழிச் சான்று வாங்குங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி அலுவலகத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் இதுதான் முதல் வேலை.

அடுத்தது சிஓஇ எனப்படும் தகுதிச் சான்று. வேலை கொடுப்பவர் ஜப்பான் குடிவரவுத் துறையில் விண்ணப்பிப்பார், ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். கையில் கிடைத்த பிறகு சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்துக்கான விசா விண்ணப்பம். சான்று வழங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைய வேண்டும், அதைப் பார்த்து விமானச் சீட்டு எடுங்கள்.

மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்துக்கு ஜப்பானில் தடை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். அம்மா கட்டிக்கொடுக்கும் பச்சைக் கறிவேப்பிலையும் இறைச்சி ஊறுகாயும் விமான நிலையத்தைத் தாண்டாது. சாம்பார்ப் பொடி தாண்டும்.

மிக்சியை விட்டுவிட்டு வாருங்கள். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம் மிக்சி 230 வோல்ட். 750 வாட் மிக்சியை ஓட்டும் மின்மாற்றி மிக்சியைவிடக் கனமாக இருக்கும்.

பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: கறுப்பு அல்லது கருநீல சூட் ஒன்று, வெள்ளைச் சட்டை, டை, பட்டச் சான்றின் அசல். பெரிய காலளவு உள்ளவர்கள் காலணியையும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஊர்ப்புறக் கடைகளில் 28 சென்டிமீட்டருக்கு மேல் கிடைப்பது அரிது.

2. கையில் எவ்வளவு பணம்

ஏப்ரலில் செய்த வேலைக்குச் சம்பளம் பல நிறுவனங்களில் மே கடைசியில்தான் வரும். மார்ச் நடுவில் இறங்கினால் பத்து வாரம் சொந்தப் பணத்தில் ஓட வேண்டும். ஊர்ப்புறத்தில் 50,000 யென் வாடகை வீடு என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

வீட்டுக்குள் நுழையும் செலவு 1,50,000 முதல் 2,50,000 யென் வரை. இதில் முன்பணம், வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்' (ரெய்கின், திரும்பி வராது), தரகுக் கட்டணம், உத்தரவாத நிறுவனக் கட்டணம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு எல்லாம் அடக்கம். மெத்தை, அடுப்பு, விளக்கு, சிறிய குளிர்பெட்டி பழையதாக வாங்கினாலும் 50,000. அதன் பிறகு வாடகை, சாப்பாடு, பயணம் என்று மாதம் 1,00,000 வீதம் இரண்டு மாதத்துக்கு மேல். மொத்தம் 5,00,000 யென் பக்கம் வரும். பள்ளிக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தை நிறுவனம் தந்தாலும் முதலில் உங்கள் பையிலிருந்து போய், பிறகுதான் சம்பளத்தோடு திரும்பும்.

நிறுவனமே வீடு தருகிறது என்றால் இந்தத் தொகை பாதியாகக் குறையலாம். ஆனால் அந்த வாடகை சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கப்படும், வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: ஆகஸ்டு மாதச் சம்பளம். கோடை விடுமுறையில் வகுப்பு இல்லையென்று பாதி தருபவர்கள் உண்டு. ஆண்டுத் தொகையைப் பார்க்காமல் மாதத் தொகையை 12-ஆல் பெருக்கிக் கனவு காணக் கூடாது.

3. விமான நிலையமும் முதல் 14 நாளும்

நரிதா, ஹனேதா, கன்சாய், சூபு, புகுவோகா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் ஸைரியூ கார்டு எனப்படும் வசிப்பு அட்டையைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதன் பின்பக்கம் முகவரி இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம் நிரம்பாத வரை தொலைபேசியும் இல்லை, வங்கியும் இல்லை.

ஆகவே வீடு உறுதியானதும் அடுத்த நாளே நகராட்சி அலுவலகம். சட்டப்படி குடியேறி 14 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் 14 நாள் காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. அந்த ஒரே நடையில் முடிக்க வேண்டியவை நான்கு:

முகவரிப் பதிவு. அட்டையின் பின்பக்கம் அங்கேயே அச்சடித்துத் தருவார்கள்.

வசிப்புச் சான்று (ஜூமின்ஹியோ) இரண்டு பிரதி. ஒன்றுக்குச் சில நூறு யென். வண்டி, வீடு, நிறுவனம் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

மை நம்பர் (அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) அட்டைக்கு விண்ணப்பம். எண் தபாலில் வரும், அட்டை வர ஒரு மாதம் பக்கம் ஆகும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இந்த எண் கட்டாயம். டிசம்பர் 2, 2024 முதல் பழைய மருத்துவக் காப்பீட்டு அட்டை புதிதாக வழங்கப்படுவதில்லை. மை நம்பர் அட்டையே மருத்துவமனையிலும் செல்லும். அட்டை வரும் வரை காப்பீட்டுத் தகுதிச் சான்றைக் காட்டலாம்.

மருத்துவக் காப்பீடு. இங்கேதான் அவசரப்படக் கூடாது. நிறுவனம் உங்களை ஊழியர் காப்பீட்டில் சேர்க்கிறதா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்காவிட்டால்தான் நகராட்சியின் தேசியக் காப்பீட்டில் சேர வேண்டும். இரண்டிலும் சேர்ந்து, பிறகு ஒன்றை நீக்க அலைபவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் உண்டு. எதில் இருந்தாலும் மருத்துவச் செலவில் உங்கள் பங்கு 30 சதவீதம்.

4. பெயரை ஒரே ஒருமுறை முடிவு செய்யுங்கள்

தமிழ்ப் பெயருக்கும் ஜப்பானியப் படிவத்துக்கும் ஒத்துவராது. அங்கே குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், அட்டையில் 'சுப்ரமணியன் கார்த்திகேயன்' என்று வரும். அடுத்த நாள் முதல் பள்ளி முழுக்க உங்களை அப்பா பெயரைச் சொல்லி 'சுப்ரமணியன் சென்செய்' (சென்செய் என்றால் ஆசிரியர்) என்று கூப்பிடும். வேண்டாமென்றால், பெயர்ப்பலகை அச்சாகும் முன் துணைத் தலைமையாசிரியரிடம் "கார்த்திக் என்று அழையுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். அச்சான பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

பள்ளியில் எப்படி அழைத்தாலும் கவலையில்லை. தாள்களில்தான் ஆபத்து. வங்கி, சம்பளம், காப்பீடு எல்லாம் கதகனா எழுத்தில் (வெளிநாட்டுச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) உள்ள பெயரைப் பார்த்து ஓடுகின்றன. கார்த்திகேயனைக் கதகனாவில் நான்கு விதமாக எழுதலாம். ழகரமும் ளகரமும் அங்கே வெறும் ரகரம். செல்வி 'செருபி' ஆகலாம். நகராட்சி அலுவலகத்துக்குப் போகும் முன் ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். எல்லாப் படிவத்திலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். நிறுவனத்திடம் ஒரு விதமாகவும் வங்கியில் ஒரு விதமாகவும் இருந்தால் முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போய்விடும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்களுக்கு இணையப் படிவங்கள் நகராது. இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லி அடம்பிடிக்கும். கடைக்கு, கிளைக்கு நேரில் போய்விடுவதே குறுக்கு வழி.

ஹான்கோ எனப்படும் முத்திரை பல இடங்களில் இப்போது தேவையில்லை. ஆனாலும் கேட்கும் வங்கிக் கிளையும் பள்ளியும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பெயர் கடையில் தயாராக இருக்காது. செய்து தரச் சில நாள் ஆகும். முதல் வாரமே சொல்லி வையுங்கள்.

5. தொலைபேசி முதலில், வங்கி பிறகு

வங்கி, தொலைபேசி எண் கேட்கும். தொலைபேசி நிறுவனம், வங்கி அட்டை கேட்கும். இந்த முடிச்சைத் தொலைபேசிப் பக்கமிருந்து அவிழ்ப்பதே எளிது. தரவு மட்டும் உள்ள பயண சிம் போதாது. 070, 080, 090 என்று தொடங்கும் குரல் எண் வேண்டும். முகவரி அச்சான வசிப்பு அட்டையோடு கடைக்குப் போய், வங்கிக் கணக்கு இல்லாமல் வேறு வழியில் கட்டணம் செலுத்தலாமா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கடன் அட்டையை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, மறுப்பவையும் உண்டு.

எண் கிடைத்ததும் வங்கி. பல வங்கிகள் ஜப்பானில் 6 மாதம் முடியாதவர்களைத் திருப்பி அனுப்பும். புதியவர்களில் பெரும்பாலோர் தபால் வங்கியான யூச்சோவில் தொடங்குவதற்குக் காரணம், அதன் கிளை கிராமத்திலும் இருக்கிறது. வசிப்பு அட்டை, பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், முத்திரை, பெயர் எழுதிய அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வேலை ஒப்பந்தம் முக்கியம்: ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை செய்பவர், வந்து ஆறு மாதம் ஆகாவிட்டாலும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி உள்நாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார். அதைக் காட்ட இந்தத் தாள் உதவும். காலையில் போங்கள், பல கிளைகள் மாலை நான்கு மணிக்கே மூடிவிடும்.

6. வீடு

ஜப்பானிய வாடகை வீட்டில் கூரை விளக்கும் அடுப்பும் பெரும்பாலும் இருக்காது. முதல் இரவு கைபேசி வெளிச்சத்தில் கழியும். விளக்கைப் பகலிலேயே வாங்கிவிடுங்கள்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் தொலைபேசியிலோ இணையத்திலோ திறந்துவிடலாம். எரிவாயுவுக்கு மட்டும் ஆள் வந்து பார்த்துத்தான் திறப்பார், அப்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச் கடைசி ஜப்பான் முழுக்க வீடு மாறும் காலம், நாள் கிடைக்க ஒரு வாரமாகலாம். எரிவாயு இல்லையென்றால் வெந்நீரும் இல்லை.

அடுப்பு வாங்கும் முன் வீட்டில் வருவது நகரக் குழாய் எரிவாயுவா, சிலிண்டர் எரிவாயுவா என்று பாருங்கள். இரண்டுக்கும் அடுப்பு வேறு. மாற்றிப் பொருத்துவது ஆபத்து. கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

குப்பை தனிப் பாடம். எரியும் குப்பை பெரும்பாலும் வாரம் இருமுறை, பிளாஸ்டிக் ஒருமுறை, கண்ணாடியும் டப்பாவும் அதைவிடக் குறைவு. நாள்காட்டியை நகராட்சியிலேயே கேட்டு வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பல ஊர்களில் அந்த ஊரின் பையில் கட்டினால்தான் எடுப்பார்கள். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவு வைத்தால் காக்கை கிழித்துவிடும். பெட் பாட்டிலின் மூடியையும் தாளையும் கழற்றிவிட்டு, கழுவி வையுங்கள். சிறிய ஊரில் தவறான பை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், புகார் உங்களிடம் வராது, பள்ளிக்குப் போகும்.

7. பள்ளியில் முதல் நாள்

இரண்டு ஜோடி காலணி வேண்டும். கட்டடத்துக்குள் போட ஒன்று, உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒன்று. வெளியே போட்டு வந்ததை வாசலில் உள்ள அலமாரியில் வைக்க வேண்டும். உள் காலணி வெளுத்த நிறமாகவும், அடிப்பகுதி தரையில் கோடு போடாததாகவும் இருக்கட்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். அதோடு நடைபாதைக்கு வந்துவிடாதீர்கள்.

ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் கேட்கும்படி "ஒஹாயோ கொசாய்மாசு", அதாவது காலை வணக்கம். நம் ஊர் வழக்கப்படி தெரிந்தவரைப் பார்த்துத் தலையசைத்தால் இங்கே ஊமை என்று நினைப்பார்கள். கிளம்பும்போது "ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாசு", அதாவது உங்களுக்கு முன் போகிறேன், மன்னியுங்கள். சொல்லாமல் நழுவினால் அடுத்த நாள் வரை பேச்சாகும்.

அந்த அறையில் உங்களுக்கு முக்கியமானவர் தலைமையாசிரியர் (கோச்சோ) அல்ல. துணைத் தலைமையாசிரியரான கியோதோ சென்செய்தான் வருகை, விடுப்பு, சாவி, உணவுக் கணக்கு எல்லாவற்றையும் பிடித்திருப்பவர். சந்தேகம் வந்தால் அவரிடம் போங்கள்.

மூக்குத்தி, பெரிய காதணி, நெற்றிப் பொட்டு போடுபவர்கள் முதல் நாளுக்கு முன்பே நிறுவனம் வழியாகக் கேட்டு வைப்பது நல்லது. மாணவர்களுக்குக் காது குத்தத் தடை உள்ள நடுநிலைப் பள்ளிகள் பல, "ஆசிரியர் மட்டும் போடலாமா" என்ற கேள்வி உடனே வரும். முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

சேர்க்கை விழாவுக்கு சூட். மற்ற நாட்களில் கழுத்துப்பட்டை உள்ள சட்டை போதும்.

8. வகுப்பு

தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம், நடுநிலையில் 50. ஏப்ரல் 2020 முதல் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பெண் உள்ள பாடம், ஆண்டுக்கு 70 பாடவேளை. 3, 4-ஆம் வகுப்பில் 35 பாடவேளை, அது விளையாட்டும் பேச்சும்தான், மதிப்பெண் கிடையாது. 3-ஆம் வகுப்பில் எழுத்துத் தேர்வு வைக்கும் புதியவரை ஆசிரியர்கள் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பில் ஜப்பானிய ஆசிரியரும் இருப்பார், பொறுப்பு அவருடையது. தாளில் அவர் முதல் ஆசிரியர், நீங்கள் இரண்டாவது. தொடக்கப் பள்ளியில் நடைமுறை பல நேரம் தலைகீழ்: வகுப்பாசிரியர் பின்னால் நின்றுகொண்டு முழுப் பாடத்தையும் உங்களிடம் விட்டுவிடுவார். எனவே 45 நிமிடத்துக்கும் திட்டம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

உங்கள் ஒப்பந்த வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். 'கியோமு இதாகு' எனப்படும் வேலை ஒப்படைப்பு வகையில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது, நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். பாடத்துக்கு முன் ஆசிரியர் பேசவே தயங்குகிறார் என்றால் அவருக்கு உங்களைப் பிடிக்காததால் அல்ல. சட்டச் சிக்கலுக்குப் பயந்து.

பேச முடிகிற பள்ளியில், பாடத்துக்கு முந்தைய சந்திப்பை (உச்சியாவாசே) மாலை மூன்றரைக்கு மேல் வையுங்கள். பாடவேளைகளுக்கு இடையிலான பத்து நிமிடத்தில் ஆசிரியரை மறித்தால் பதில் வராது. அரைத்தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: பக்கம், முக்கிய வாக்கியம், விளையாட்டு, நான் செய்வது. ஜப்பானியம் நன்றாகத் தெரியாவிட்டாலும் இந்த நான்கு வரியைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொடுப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரே சுய அறிமுக வகுப்பை இருபது முறை நடத்த நேரிடும். 50 நிமிடத்தை இப்படிப் பிரித்தால் சோர்வு தெரியாது: வணக்கம் 5, ஆறேழு படங்களோடு பேச்சு 10, படங்களை வைத்து வினாடி வினா 15, மாணவர்கள் பெயர் அட்டை எழுதி உங்களிடம் கேள்வி கேட்பது 15, முடிவு 5. படங்களில் தாஜ்மகாலை விட்டுவிடுங்கள், அதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் படித்த பள்ளியின் வகுப்பறை, சாப்பாட்டுத் தட்டு, ஊர்ப் பேருந்து, ஒரு ரூபாய் நாணயம் ஆகியவை வேலை செய்யும். "இந்தியாவில் தினமும் 'கர்ரி' குழம்பா?" என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு மூன்றின் படமும் அடுத்த ஸ்லைடில் தயாராக இருக்கட்டும்.

உச்சரிப்பில் இரண்டு இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். டகரத்தை நாக்கை மடித்துச் சொல்வது. உதட்டைப் பல்லால் தொடும் 'வி'-யையும் உதட்டைக் குவிக்கும் 'டபிள்யூ'-வையும் ஒன்றாக்கிவிடுவது. பாடநூலில் உள்ள கியூஆர் குறியில் ஒலிப்பதிவு இருக்கிறது. பாடத்துக்கு முன் அந்த வார்த்தைகளை இருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். மாணவர்கள் வீட்டில் கேட்பது அந்தக் குரலைத்தான்.

9. திருத்துவதும் எழுதுவதும்

சரியான விடைக்கு டிக் போடாதீர்கள். ஜப்பானில் டிக் என்றால் தவறு. வட்டம்தான் சரி. ஒரு வகுப்பின் முப்பத்தைந்து நோட்டிலும் டிக் போட்டுக் கொடுத்து, பிள்ளைகள் முகம் வாடிய பிறகே இது தெரியவரும். வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்தால் அது 'ஹனமாரு', பூ வட்டம். அதற்காகத்தான் சிறுவர்கள் எழுதுகிறார்கள்.

சிவப்பு மையால் திருத்தலாம், ஆனால் யாருடைய பெயரையும் சிவப்பில் எழுதக் கூடாது. அபசகுனம் என்பார்கள்.

நம் பள்ளிகளில் அடித்துப் பழக்கிய கூட்டெழுத்து இங்கே ஒரு மாணவனுக்கும் படிக்க வராது. நான்கு கோட்டில் தனித்தனி எழுத்தாக, பாடநூலில் உள்ள வடிவத்திலேயே எழுதுங்கள். பலருக்கு இந்தப் பழக்கம் மாற மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் மூன்று வாரம்.

எழுத்துக்கூட்டல் அமெரிக்க முறை. 'கலர்' என்ற சொல்லில் 'யு' கிடையாது. ரப்பர் 'இரேசர்' ஆகிவிடும். 'டூ ஒன் திங்', 'குட் நேம்' போன்ற நம் ஊர் ஆங்கிலத்தைக் கேட்டால் உடனிருக்கும் ஆசிரியர் அகராதியைத் தேடுவார்.

கரும்பலகை உண்மையில் கரும்பச்சை. சிவப்புச் சுண்ணாம்புக்கட்டி பின் வரிசைக்குத் தெரியாது. நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகளுக்கு முன் வரிசையிலும் தெரியாது. வெள்ளையில் எழுதி மஞ்சளில் அழுத்தம் கொடுங்கள்.

10. மதிய உணவு

கியூஷொக்கு எனப்படும் பள்ளி உணவை ஆசிரியர்களும் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு வேளை சுமார் 300 யென், மாதக் கணக்கில் பிடிப்பார்கள். மாட்டிறைச்சி, பன்றி, மீன் மூன்றும் வரும். காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு (தாஷி) இருக்கும். எனவே மீன் சாப்பிடாதவருக்கு "இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம்" என்ற திட்டம் நடக்காது. உங்களுக்கென்று தனியாகச் சமைக்கவும் மாட்டார்கள். சைவர்களுக்கு வழி ஒன்றுதான்: ஆண்டுத் தொடக்கத்திலேயே உணவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பெண்டோ (வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டி) கட்டிக்கொண்டு வர அனுமதி கேட்பது. இடையில் நிறுத்தினால் ஏற்கெனவே வாங்கிய பொருளுக்குக் காசு போய்விடும். மதக் காரணமோ ஒவ்வாமையோ எதுவானாலும் ஒரு வரியில் சொன்னால் போதும், விளக்கம் கேட்க மாட்டார்கள்.

சாப்பிடும் முன் எல்லோரும் சேர்ந்து "இத்தாதாகிமாசு" சொல்லும் வரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு துப்புரவு நேரம் 15 நிமிடம். துடைப்பத்தை எடுங்கள், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அங்கேதான் உங்களோடு பேசும்.

11. விடுப்பும் பாதுகாப்பும்

சட்டப்படி சம்பளத்தோடு கூடிய 10 நாள் விடுப்பு 6 மாதம் வேலை செய்த பிறகே கிடைக்கும். அதற்கு முன் காய்ச்சல் வந்தால் சம்பளம் போகலாம். தனி நோய் விடுப்பு பல ஒப்பந்தங்களில் இல்லை. உடம்பு சரியில்லாவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு, காலை 7 மணி பக்கம் தகவல் சொல்லுங்கள். நிறுவனம் வழி வேலை செய்பவர் பள்ளிக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் 'சொல்லாமல் வராதவர்' ஆகிவிடுவார்.

நிலநடுக்கப் பயிற்சி ஆண்டுக்குச் சில முறை நடக்கும். அறிவிப்பு வந்ததும் மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடியுங்கள். கதவைத் திறந்து வைப்பது பெரியவர் வேலை. பிள்ளைகள் சொல்லும் சுருக்கம் 'ஒ-ஹா-ஷி-மோ': தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. வீட்டருகே உள்ள தஞ்சமிடம் பெரும்பாலும் ஒரு பள்ளிதான். எது என்று நகராட்சியின் ஆபத்து வரைபடத்தில் பாருங்கள். தீ, ஆம்புலன்சுக்கு 119. காவல் துறைக்கு 110.

12. போக்குவரத்து

சைக்கிள் வாங்கும்போதே திருட்டுத் தடுப்புப் பதிவும் காப்பீடும் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் ஏற்றிக்கொள்வதும் ஓட்டிக்கொண்டே கைபேசி பார்ப்பதும் குற்றம்.

கார் தேவைப்படும் ஊர்ப்புற வேலை என்றால் 1949 ஜெனிவா ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுங்கள். நுழைந்த நாளிலிருந்து ஓராண்டுதான் செல்லும். அதற்குள் ஜப்பான் உரிமமாக மாற்ற வேண்டும். அக்டோபர் 2025 முதல் எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். பத்தாம் மாதத்தில் தொடங்கினால் நேரம் போதாது, ஆறாம் மாதத்தில் தொடங்குங்கள். இடப்பக்கம் ஓட்டுவது மட்டும் நமக்குப் புதிதில்லை.

13. இரண்டாம் ஆண்டைக் கெடுக்கும் மூன்று விஷயங்கள்

வசிப்பு வரி. முதல் ஆண்டு வராது. அதனால் சம்பளம் போதும் என்று தோன்றும். ஜனவரி 1-ல் எந்த ஊரில் இருந்தீர்களோ அந்த ஊர், முந்தைய ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் (கழிவுகள் போக) கிட்டத்தட்ட 10 சதவீத வரியை ஜூன் முதல் கேட்கும். மாதம் 10,000 யென் ஒதுக்கி வைத்தால் வலிக்காது. கட்டாமல் விட்டால் விசா நீட்டிப்பில் வரிச் சான்று காட்ட முடியாது.

பக்க வேலை. 'கல்வி' விசா பள்ளிக்கு மட்டும். வார இறுதியில் காசு வாங்கிக்கொண்டு தனிப்பாடம் எடுப்பதற்கும் உரையாடல் பள்ளியில் நிற்பதற்கும் குடிவரவுத் துறையின் தனி அனுமதி முன்கூட்டியே வேண்டும். நிறுவனம் மாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

ஓய்வூதியம். 6 மாதமாவது கட்டியவர், நாட்டைவிட்டுப் போன 2 ஆண்டுக்குள் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் அக்டோபர் 2016 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால் இரு நாட்டில் கட்டிய காலத்தையும் கூட்டலாம். ஆனால் பணத்தைத் திரும்ப வாங்கினால் அந்தக் காலம் கணக்கிலிருந்து அழிந்துவிடும். ஒரே ஆண்டில் திரும்புபவர் வாங்கிக்கொள்வது சரி; மறுபடி வர எண்ணமிருப்பவர் யோசித்துச் செய்யட்டும்.

அடுத்த ஆண்டு தொடர்கிறீர்களா என்ற கேள்வி பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும், விசா நீட்டிப்பை முடியும் நாளுக்கு 3 மாதம் முன்பே கொடுக்கலாம். மார்ச் கடைசியில் ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் வரும், ஆசிரியர் அறையில் கணிசமானோர் மாறிவிடுவார்கள். நீங்கள் போனாலும் இருந்தாலும் எந்த வகுப்பில் எந்தப் பக்கம் வரை முடிந்தது, எந்த விளையாட்டு எடுபட்டது என்று ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர் அப்படி வைத்திருக்கிறாரா என்று முதல் நாளே அந்த இழுப்பறையைத் திறந்து பார்க்கவும் மறக்காதீர்கள்.